போர்ன்ஹோல்ம் தீவின் படைக் கட்டளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்மார்க்கின் தரைப்படை வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 1864ஆம் ஆண்டுத் தோல்வியையும் 1940 ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மன் ஆக்கிரமிப்பையும் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த நாட்டின் வட்டாரப் படைக் கட்டளைகள் எப்படி உருவாயின, யாருக்குக் கீழ் இயங்கின என்ற கேள்விகளுக்குத் தமிழில் விடை தேடுவது கடினமாக இருக்கிறது. அவற்றுள் மிகச் சிறியதும், வரலாற்றால் மிக நீண்டதுமான போர்ன்ஹோல்ம் தீவின் கட்டளையை மையமாக வைத்து இக்கேள்விகளுக்கு விடை தருகிறோம்.

போர்ன்ஹோல்ம் எங்கே இருக்கிறது? ஒரு தீவுக்குத் தனிப் படைக் கட்டளை எதற்கு?

போர்ன்ஹோல்ம் பால்டிக் கடலின் நடுவே கிடக்கும் டேனிஷ் தீவு. பரப்பு 588 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டியது. தலைநகர் மேற்குக் கரையிலுள்ள ரோன்னெ. டென்மார்க்கின் மற்ற நிலப்பகுதிகளிலிருந்து இது வெகுவாக விலகியிருக்கிறது. கோபன்ஹேகனிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுக்கு, ஸ்வீடனின் தென்கரை சுமார் 40 கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது. போலந்தின் கரையும் ஜெர்மனியின் ரூகன் தீவும் ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் இருக்கின்றன.

தனிக் கட்டளை ஏன் என்பதற்கான விடை இந்தத் தொலைவுக் கணக்கிலேயே இருக்கிறது. பகைவரின் கப்பல்கள் கரையருகே தெரிந்த பிறகு கோபன்ஹேகனிலிருந்து ஒரு பட்டாலியனைக் கப்பலேற்றி அனுப்புவது என்பது நடவாத காரியம். தீவில் ஏற்கெனவே இருக்கும் ஆட்கள், ஏற்கெனவே இருக்கும் துப்பாக்கிகள், ஏற்கெனவே இருக்கும் உணவுக் கையிருப்பு ஆகியவற்றைக் கொண்டே போராட வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரியும் அங்கேயே இருந்தாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் ஊர்ப்படையிலிருந்து பனிப்போர்க் காலத்தின் டாங்கிப் பிரிவு வரை, இத்தீவின் படை அமைப்பில் பெயர்கள் மாறியிருக்கின்றனவே தவிர, இந்தக் கணக்கு மாறவில்லை.

டென்மார்க்கில் 'வட்டாரக் கட்டளை' என்றால் சரியாக என்ன?

டேனிஷ் மொழியில் இதற்கு 'லாண்ட்ஸ்டெல்ஸ்கொமாண்டோ' என்று பெயர். 'லாண்ட்ஸ்டெல்' என்பது நாட்டின் ஒரு பெரும் பகுதியைக் குறிக்கும். போர்முனையில் நகர்ந்து சண்டையிடும் டிவிஷன், பிரிகேட் போன்றவற்றிலிருந்து இது வேறுபட்டது. ஒரு டிவிஷன் இன்று ஓரிடத்திலும் நாளை வேறோரிடத்திலும் இருக்கலாம். வட்டாரக் கட்டளையோ ஒரு நிலப்பரப்பைப் பொறுப்பேற்றுக்கொண்டு அங்கேயே இருப்பது. அந்த நிலப்பரப்பிலுள்ள பாசறைகள், பயிற்சி நிலங்கள், கிடங்குகள், போர்க்காலத்தில் திரட்டப்படும் உள்ளூர்ப் படைகள், பாலங்கள், துறைமுகங்கள், குடிமை நிர்வாகத்துடனான தொடர்பு ஆகியவை அதன் கையில் இருந்தன.

பனிப்போர்க் காலத்தில், போர்ன்ஹோல்மின் சிறு கட்டளையைத் தவிர, இவ்வகைப் பெரிய கட்டளைகள் இரண்டு இருந்தன. மேற்குக் கட்டளை ஆர்ஹுஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, ஜட்லாந்து தீபகற்பத்தையும் ஃபியூன் தீவையும் கவனித்தது. கிழக்குக் கட்டளை ரிங்ஸ்டெட் நகரிலிருந்து, கோபன்ஹேகன் இருக்கும் சீலாந்துத் தீவையும் அதைச் சார்ந்த தீவுகளையும் கவனித்தது. இரண்டையும் பிரித்த கோடு 'ஸ்டோரபெல்ட்' என்னும் பெருநீரிணை. இன்று அதன்மேல் ரயிலும் காரும் ஓடுகின்றன என்பதால் அந்தப் பிரிவினையின் கூர்மையை உணர்வது கடினம். ஆனால் ரயில் இணைப்பு 1997இலும் சாலைப் பாலம் 1998இலும்தான் திறக்கப்பட்டன. அதற்கு முன் ஒரு டாங்கியைச் சீலாந்திலிருந்து ஃபியூனுக்குக் கொண்டுசெல்லப் படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். கடலால் இரண்டாக வெட்டப்பட்ட நாட்டில் படைத் தலைமையும் இரண்டாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த இருகூற்றுப் பிரிவினை பனிப்போரில்தான் தோன்றியதா?

அதற்கு முன்பே இருந்தது. 1940இல் டேனிஷ் தரைப்படை சீலாந்து டிவிஷன், ஜட்லாந்து டிவிஷன் என்ற இரு டிவிஷன்களாகவே அமைந்திருந்தது. இரண்டுக்கும் மேல் தளபதியாக ஜெனரல் வில்லியம் வைன் பிரியோர் இருந்தார். ஏப்ரல் 9ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மானியர் தாக்கியபோது தெற்கு ஜட்லாந்தின் எல்லையருகே சில மணி நேரம் சண்டை நடந்தது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் நேரடியாக இறங்கிய ஒரு ஜெர்மன் பட்டாலியன் தரைப்படைத் தலைமை இருந்த காஸ்டெல்லெட் கோட்டையையே பிடித்துக்கொண்டது. சண்டையைத் தொடர வேண்டும் என்று பிரியோர் வாதிட்டும், அரசரும் அமைச்சரவையும் காலையிலேயே எதிர்ப்பை நிறுத்தச் சொன்னார்கள்.

போர்ன்ஹோல்முக்கு ஜெர்மானியர் மறுநாள், ஏப்ரல் 10ஆம் தேதி வந்தார்கள். எதிர்ப்பு ஏதும் இல்லை. அரசு ஏற்கெனவே பணிந்துவிட்ட பிறகு எதிர்ப்பதற்கு யாரும் எதிர்பார்க்கப்படவும் இல்லை.

1658ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். படை வரலாற்றில் அதற்கு என்ன இடம்?

இத்தீவின் படை அமைப்புக்கு அடித்தளமே அதுதான் என்பது எங்கள் கருத்து; ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் 1645. ஸ்வீடன் தளபதி கார்ல் குஸ்தாவ் ராங்கெல் அந்த ஆண்டு தீவில் படையை இறக்கினார். நெக்ஸோ நகரம் கொள்ளையிடப்பட்டது. வடமுனைக் குன்றின்மேல் நின்ற ஹம்மர்ஷுஸ் கோட்டை பெரிய சண்டை எதுவுமின்றியே கைமாறியது. அதே ஆண்டு ஏற்பட்ட அமைதி உடன்படிக்கையால் தீவு திரும்பக் கிடைத்தது என்றாலும், அந்த அவமானம் மறக்கப்படவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1658 பிப்ரவரியில் கையெழுத்தான ரொஸ்கில்டெ உடன்படிக்கையில் டென்மார்க் ஸ்கோனெ முதலிய கிழக்கு மாகாணங்களோடு போர்ன்ஹோல்மையும் ஸ்வீடனுக்குக் கொடுத்துவிட்டது. யோஹான் பிரின்ட்ஸென்ஷோல்ட் என்னும் அதிகாரி ஆளுநராக வந்தார். வரிகள் கூடின, தீவின் இளைஞர்கள் ஸ்வீடன் படைக்குப் பிடிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், ஹம்மர்ஷுஸிலிருந்து ரோன்னெ நகருக்கு வந்திருந்த ஆளுநரை யென்ஸ் கோஃபொத் தலைமையிலான குழு பிடித்தது. தெருவிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போல் அங்கர் என்னும் பாதிரியாரும் இக்குழுவில் முக்கியமானவர். ஆளுநரை இழந்த கோட்டைக் காவலர்களும் பணிந்தனர். கோபன்ஹேகனிலிருந்து ஒரு சிப்பாய்கூட வராமல், தீவு மக்களே தீவை மீட்டுவிட்டார்கள்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் இன்னும் சுவையானது. டிசம்பர் முடிவதற்குள் அவர்களுடைய தூதுக்குழு மூன்றாம் ஃபிரெடரிக் மன்னரிடம் சென்று, தீவை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் கொடையாக அளித்தது. இனி ஒருபோதும் அதை வேறு நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1660ஆம் ஆண்டு உடன்படிக்கையில் போர்ன்ஹோல்ம் டென்மார்க்குடன் நிலைத்தது. அதற்கு ஈடாக ஸ்கோனெயிலிருந்த 18 பண்ணைகளை டென்மார்க் ஸ்வீடனுக்குக் கொடுத்தது.

போர்ன்ஹோல்ம் மக்கள் படை என்பது என்ன?

'மிலிட்ஸ்' என்று அழைக்கப்பட்ட இந்த ஊர்ப்படையில் தீவின் ஆண்கள் சேவை செய்தார்கள். அவர்கள் தீவைக் காக்க வேண்டும், தீவுக்கு வெளியே போருக்கு அனுப்பப்பட மாட்டார்கள் என்பது நெடுங்காலம் நிலவிய ஏற்பாடு. இதைச் சலுகை என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது இரு தரப்புக்கும் ஏற்ற ஒப்பந்தம். அரசருக்குப் பெரிய செலவில்லாத காவற்படை கிடைத்தது. உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் தங்கள் மகன்கள் எங்கோ ஜெர்மன் சமவெளியில் மடியாமல் அறுவடைக்கு வீட்டில் இருப்பார்கள் என்ற உறுதி கிடைத்தது.

1864இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவென்பர்க் ஆகியவற்றை இழந்த டென்மார்க், 1860களின் இறுதியில் தன் படையை முழுவதுமாக மறுசீரமைத்தது. அப்போது பழைய ஊர்ப்படையும் நாட்டுப் படை அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டு 'போர்ன்ஹோல்ம்ஸ் வேப்னிங்' என்ற பெயரைப் பெற்றது. ஆயினும் தீவின் ஆண்கள் தீவிலேயே சேவை செய்யும் வழக்கம் அதோடு அறுந்துவிடவில்லை.

1945 மே மாதம் என்ன நடந்தது? டென்மார்க் விடுதலை பெற்ற பிறகு குண்டு விழுந்தது என்கிறார்களே?

ஆம். டென்மார்க்கிலிருந்த ஜெர்மன் படைகள் பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் மான்ட்கோமரியிடம் சரணடைவதாக மே 4ஆம் தேதி மாலை அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. கோபன்ஹேகன் தெருக்களில் மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். போர்ன்ஹோல்மிலிருந்த ஜெர்மன் தளபதி கெர்ஹார்ட் ஃபொன் காம்ப்ட்ஸோ, பிரிட்டிஷாரிடம் மட்டுமே சரணடைவேன், சோவியத் படையிடம் சரணடைய மாட்டேன் என்ற நிலையை எடுத்தார். கிழக்கிலிருந்து தப்பி வந்துகொண்டிருந்த ஜெர்மன் வீரர்களுக்கும் அகதிகளுக்கும் இத்தீவு ஒரு படிக்கல்லாக இருந்தது. பிரிட்டிஷார் யாரும் வரவில்லை.

மே 7ஆம் தேதி சோவியத் விமானங்கள் ரோன்னெயையும் நெக்ஸோவையும் தாக்கின. சரணடையக் கோரும் துண்டறிக்கைகள் வீசப்பட்டன. விடை கிடைக்காததால் 8ஆம் தேதி தாக்குதல் மீண்டும் கடுமையாக நடந்தது. இடைப்பட்ட நேரத்தில் மக்கள் நகரங்களைவிட்டு வெளியேற்றப்பட்டதால் உயிரிழந்த டேனிஷ் குடிமக்கள் பத்துப் பேர் அளவிலேயே இருந்தார்கள். வீடுகளோ நூற்றுக்கணக்கில் அழிந்தன. பின்னர் ஸ்வீடன் 300 மர வீடுகளைக் கொடுத்து உதவியது. இரு நகரங்களிலும் அவற்றுள் பல இன்றும் குடியிருப்புகளாக நிற்கின்றன.

மே 9ஆம் தேதி சோவியத் படையினர் ரோன்னெ துறைமுகத்தில் இறங்கினார்கள். மேஜர் ஜெனரல் ஃபியோதர் கொரொத்கோவ் முதலானோர் தலைமையில் ஆயிரக்கணக்கான சோவியத் வீரர்கள் ஏறத்தாழ பதினோரு மாதங்கள் தீவில் இருந்தார்கள்.

சோவியத் படை எந்த நிபந்தனையின் பேரில் வெளியேறியது?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இதுதான். ஏனெனில் 2022இலும் இதைச் சுற்றித்தான் சர்ச்சை எழுந்தது.

1946 மார்ச் மாதத் தொடக்கத்தில் மாஸ்கோவிலிருந்து டென்மார்க்குக்கு ஒரு செய்தி வந்தது. டென்மார்க் தன் சொந்தப் படையைக் கொண்டு, அந்நியப் படைகளின் பங்கேற்பு எதுவுமின்றி, தீவில் தன் நிர்வாகத்தை உடனே நிறுவ முடியுமானால் சோவியத் படை விலகிக்கொள்ளும் என்பது அதன் சாரம். மார்ச் 8ஆம் தேதி, அவ்வாறே செய்ய முடியும் என்று டென்மார்க் விடையளித்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கடைசி சோவியத் வீரர்களும் கப்பலேறினார்கள்.

இது எதிர்காலம் முழுவதையும் கட்டுப்படுத்தும் வாக்குறுதியா, அல்லது கைமாற்றத் தருணத்துக்கு மட்டும் உரியதா? டேனிஷ் அரசு பின்னதையே சொல்லிவருகிறது. சொற்களை வைத்துப் பார்த்தால் அந்த வாசிப்பே சரியாகப் படுகிறது: கேட்கப்பட்டது அப்போதைய ஒப்படைப்பைப் பற்றி, விடை தரப்பட்டதும் அதைப் பற்றியே. ஆனால் 1949இல் டென்மார்க் நேட்டோவில் சேர்ந்த பிறகும், பனிப்போர்க் காலம் முழுவதிலும் நேச நாட்டுப் படைகளைத் தீவுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டது கோபன்ஹேகன்தான். சட்டத்தால் கட்டுண்டிராத ஒன்றை நடைமுறையில் கடைப்பிடித்தார்கள். இந்தத் தயக்கத்தின் படைத்துறை விளைவு வெளிப்படையானது. மற்ற டேனிஷ் வட்டாரங்கள் போர் வந்தால் நேச நாட்டு வலுவூட்டல் வரும் என்று திட்டமிட்டன. போர்ன்ஹோல்ம் தனியாகவே தாக்குப்பிடிக்கும் என்று திட்டமிட வேண்டியிருந்தது.

'போர்ன்ஹோல்ம்ஸ் வேர்ன்' எப்படி அமைந்திருந்தது?

'வேர்ன்' என்பதற்குக் காப்பு, பாதுகாப்பு என்று பொருள். 1946க்குப் பின் தீவின் தரைப்படை வளர்ந்து இந்தப் பெயரில் நிலைபெற்றது. அதன் இருப்பிடம் ரோன்னெ நகரின் புறத்தே, போருக்குப் பின் கட்டப்பட்ட ஆல்மெகோர் பாசறை. துப்பாக்கிப் பயிற்சிக்குத் தென்மேற்குக் கரையில் ராக்ஹம்மர் என்னும் சுடுநிலம் இருந்தது.

ஒரு சாதாரண ரெஜிமென்ட்டில் பெரும்பாலும் ஒரே வகைப் படை இருக்கும்: காலாட்படை என்றால் காலாட்படை, பீரங்கி என்றால் பீரங்கி. போர்ன்ஹோல்மில் அப்படிச் செய்ய வழியில்லை. ஆகவே ஒரே கட்டளையின் கீழ் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருந்தார்கள். காலாட்படைப் பட்டாலியன், 105 மில்லிமீட்டர் பீரங்கிகள், வான்காப்புப் பிரிவு, பொறியியல் பிரிவு, உளவு காண் பிரிவு ஆகியவற்றோடு ஒரு டாங்கி ஸ்குவாட்ரனும் இருந்தது. அந்த டாங்கிகள் அமெரிக்கத் தயாரிப்பான எம்-41 வாக்கர் புல்டாக் என்னும் இலகு ரகம்; 1980களில் புதிய எஞ்சினும் வெப்பக் காட்சிக் கருவியும் பொருத்தி டேனிஷார் அவற்றை மேம்படுத்தினார்கள். ஜட்லாந்தில் லெப்பர்ட் டாங்கிகள் வந்துவிட்ட காலத்திலும் இத்தீவில் 1950களின் இந்த வண்டிகளே ஓடின. அவற்றின் எடை சுமார் 23 டன்தான் என்பது குறுகிய கிராமச் சாலைகளிலும் கடற்கரை மணலிலும் ஓரளவு சாதகமாகவே இருந்திருக்கும். என்றாலும் எதிர்க்கரையில் நின்ற டி-72 போன்ற சோவியத் டாங்கிகளோடு நேருக்கு நேர் மோதும் வலிமை அவற்றுக்கு இல்லை.

அமைதிக் காலத்தில் பாசறையில் இருந்தவர்கள் நிரந்தர அதிகாரிகளும் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்களும் மட்டுமே. படையின் உண்மையான பருமன் திரட்டலில் இருந்தது. சேவை முடித்து வீடு திரும்பிய ஆட்கள் அழைப்பு வந்ததும் வந்து சேர வேண்டும். பிற இடங்களில் அப்படி வருபவர்கள் ரயிலேறிப் பாதி நாட்டைக் கடக்க நேரலாம். இங்கே எந்த மூலையிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் ரோன்னெ வந்துவிடலாம். தச்சரும் ஆசிரியரும் மீனவரும் தாங்கள் காக்கப்போகும் கரையைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். எந்த வரைபடமும் தர முடியாத அறிவு அது.

கட்டளைச் சங்கிலியில் இத்தீவின் தளபதிக்கு மேல் யார் இருந்தார்கள்?

நில அமைப்பின்படி போர்ன்ஹோல்ம் பெருநீரிணைக்குக் கிழக்கே இருப்பதால், அது நாட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. நேட்டோ தரப்பில் 1962இல் பால்டிக் நுழைவாயில்களுக்கான கட்டளை ஒன்று ஜட்லாந்தின் காருப் நகரில் நிறுவப்பட்டது; 'பால்டாப்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதன் தலைமையில் எப்போதும் ஒரு டேனிஷ் லெப்டினன்ட் ஜெனரலே இருந்தார். அதன் தரைப்படைக் கிளைகள் இரண்டு. 'லாண்ட்ஜட்' என்பது ஜெர்மனியின் ரென்ட்ஸ்பர்க் நகரில் இருந்தது. ஜெர்மன், டேனிஷ் ஜெனரல்கள் மாறி மாறி அதற்குத் தலைமை ஏற்றார்கள். ஜெர்மனியின் 6ஆம் பான்சர் கிரெனேடியர் டிவிஷனும் டென்மார்க்கின் ஜட்லாந்து டிவிஷனும் அதற்கு உரியவை. 'லாண்ட்சீலாண்ட்' என்பது ரிங்ஸ்டெட்டில் இருந்தது.

ரிங்ஸ்டெட் என்ற பெயர் மேலேயும் வந்தது நினைவிருக்கலாம். கிழக்கு வட்டாரக் கட்டளையின் தலைவர் ஒரே மேசையில் அமர்ந்து தேசியப் பொறுப்பு, நேட்டோ பொறுப்பு ஆகிய இரண்டையும் பார்த்தார். சிறிய நாட்டில் இது சிக்கனமான ஏற்பாடு. சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் திட்டத்தில் சீலாந்தின் தென்கிழக்குக் கரையில் கடல்வழித் தரையிறக்கம் இடம்பெற்றிருந்தது. போலந்துப் படையில் அதற்கென்றே ஒரு தரையிறக்க டிவிஷனும் இருந்தது. அந்தப் படகுகள் புறப்பட்டால் முதலில் காணக்கூடிய இடம் போர்ன்ஹோல்ம். ஆகவே கரையைக் காப்பதோடு, கண்டதை உடனே சொல்வதும் தீவுக்குச் சமமான அளவில் முக்கியமாக இருந்தது.

உளவு காணும் வேலையில் தீவின் பங்கு என்ன?

தெற்கு முனையான டூஒட்டெயில் 1980களில் எழுப்பப்பட்ட 70 மீட்டர் உயரக் கோபுரம் டேனிஷ் படைத்துறை உளவு அமைப்பின் ஒட்டுக்கேட்பு நிலையமாக இயங்கியது. கிழக்கு ஜெர்மனி, போலந்து, சோவியத் பால்டிக் கரை ஆகியவற்றின் வானொலித் தொடர்புகள் அங்கே கேட்கப்பட்டன. இப்போது அது பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கும் அருங்காட்சியகம்.

தேடாமலே வந்த உளவுச் செல்வமும் உண்டு. 1953 மார்ச் 5ஆம் நாள் ஃபிரான்சிஷெக் யாரெட்ஸ்கி என்னும் இளம் போலந்து விமானி தன் மிக்-15 போர் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து ரோன்னெ விமான நிலையத்தில் இறக்கினார். கொரியப் போரில் அமெரிக்கரைக் கலங்கடித்துக்கொண்டிருந்த அந்த ரக விமானம் சிதைவின்றி மேற்கின் கைக்கு வந்து சேர்ந்தது. வல்லுநர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, பின்னர் அதைப் போலந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மே மாதத்தில் இன்னொரு போலந்து விமானியும் அதே போல வந்திறங்கினார். ஸ்டாலின் இறந்த அதே நாளில் யாரெட்ஸ்கி பறந்து வந்தது தற்செயல்.

ஊர்க்காவல் படைக்கும் இந்தக் கட்டளைக்கும் என்ன தொடர்பு?

டேனிஷ் ஊர்க்காவல் படையான 'யெம்மெவேர்னெட்' 1949 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தினர் பலர் அதன் தொடக்க கால உறுப்பினர்கள். தமிழில் ஊர்க்காவல் படை என்றதும் காவல்துறைக்குத் துணை நிற்கும் அமைப்பு நினைவுக்கு வரலாம். டேனிஷ் அமைப்பு பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ளது, ஆயுதம் தாங்கியது, ஊதியமில்லாத தன்னார்வலர்களால் ஆனது. போர்க்காலத்தில் பாலம், மின்நிலையம், துறைமுகம் ஆகியவற்றைக் காப்பதும் பகைவரின் நடமாட்டத்தை அறிவிப்பதும் அதன் பணி. அந்தப் பணியில் அது வட்டாரக் கட்டளையோடு இணைந்து செயல்பட்டது.

இந்த வட்டாரக் கட்டளைகள் ஏன் மறைந்தன?

பகைவர் மறைந்தார், ஆகவே அவையும் மறைந்தன. 1990க்குப் பின் எதிர்க்கரையில் இருந்த கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை. போலந்து 1999இல் நேட்டோவில் சேர்ந்தது. அதே ஆண்டு லாண்ட்ஜட்டின் இடத்தில் டென்மார்க், ஜெர்மனி, போலந்து மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டுப் படைத் தலைமை போலந்தின் ஷெட்சின் நகரில் தோன்றியது. டேனிஷ் தரைப்படையின் செயற்பாட்டுத் தலைமை காருப்பில் ஒன்றாகக் குவிந்தது. 'லாண்ட்ஸ்டெல்' என்ற சொல் பின்னாளில் ஊர்க்காவல் படையின் கிழக்கு, மேற்கு வட்டாரப் பெயர்களில் மட்டும் தொடர்ந்தது.

போர்ன்ஹோல்ம்ஸ் வேர்ன் தனிப் படையாக இருந்த நிலை 2000ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. 2005 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு உடன்பாடு பழைய திரட்டல் முறையையே கைவிட்டு, கட்டாயச் சேவைக் காலத்தை நான்கு மாதங்களாகச் சுருக்கியது. தீவின் கரையைக் காக்க உள்ளூர் ஆட்களை அழைக்கும் பட்டியல் அதோடு பொருளற்றுப்போனது. சிக்கனம் என்ற அளவில் அந்த முடிவைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கட்டிக்காத்த ஒன்றை, பத்தாண்டு அமைதியை நம்பிக் கலைத்தது அவசரம் என்றே தோன்றுகிறது.

பாசறை மூடப்பட்டதா?

மூடப்படவில்லை. ஆல்மெகோர் பாசறை, சீலாந்தின் ஸ்லாகெல்ஸெ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காவல் ஹுஸார் ரெஜிமென்ட்டின் உளவு காண் பட்டாலியனுக்கு இருப்பிடமானது. தீவைவிட்டு வெளியே அனுப்பப்படாத படை என்ற மரபு அங்கே தலைகீழாயிற்று: 2006இல் ஆப்கானிஸ்தானின் மூஸா காலா ஊரில் முற்றுகைக்குள் சிக்கிச் சண்டையிட்ட டேனிஷ் உளவு காண் ஸ்குவாட்ரன் இந்தப் பாசறையிலிருந்து சென்றதுதான்.

2022இல் மீண்டும் ஏன் போர்ன்ஹோல்ம் செய்தியானது?

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் பால்டிக் கடல் மீண்டும் எல்லைக் கடலாகிவிட்டது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் டென்மார்க்கிலிருந்த ரஷ்யத் தூதர், தீவில் அந்நியப் படை இருக்கக் கூடாது என்பது 1946ஆம் ஆண்டு விலகலின் நிபந்தனை என்று நினைவூட்டினார். வெளியுறவு அமைச்சர் யெப்பெ கோஃபொத் அதை ஏற்க மறுத்தார். அவர் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது போர்ன்ஹோல்ம் தொகுதியிலிருந்து. 1658இன் யென்ஸ் கோஃபொத்தின் குடும்பப் பெயரே அவருக்கும் அமைந்திருந்ததைத் தீவு மக்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

மே மாதத்தில் அமெரிக்கச் சரக்கு விமானம் ஹைமார்ஸ் ஏவுகணை வண்டிகளைத் தீவின் விமான நிலையத்தில் பயிற்சிக்காக இறக்கியது. செப்டம்பர் 26ஆம் தேதி ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குச் செல்லும் நோர்டு ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடித்துச் சிதறியதும் தீவை ஒட்டிய கடலில்தான்.

அருகிலுள்ள கிறிஸ்தியான்சோ கோட்டைத் தீவும் இந்தக் கட்டளைக்குள் அடங்கியதா?

பலர் இவ்வாறு எண்ணுகிறார்கள். ஆனால் அதன் கதை வேறு. போர்ன்ஹோல்முக்கு வடகிழக்கே உள்ள அச்சிறு தீவுக் கூட்டத்தில், ஸ்வீடனின் கடற்படையைக் கண்காணிப்பதற்காக 1684இல் ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் கட்டுவித்த கடற்கோட்டை அது. 1855இல் கோட்டை என்ற நிலை முடிந்தது. பீரங்கி வீரர்கள் போனார்கள், மீனவர்கள் தங்கினார்கள். ஆயினும் அந்தத் தீவுகள் எந்த நகராட்சியிலும் சேர்க்கப்படவில்லை. படைவீரர் எவரும் இல்லாத, நூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழும் அவ்விடத்தை இன்றுவரை டென்மார்க்கின் பாதுகாப்பு அமைச்சகமே நேரடியாக நிர்வகித்து வருகிறது.